பாட்டைப் பாட்டாகவே அச்சிடுங்கள்: தமிழ் வேதாகமத்தைத் திருத்தி வெளியிடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும்,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

வேதாகமத்தில் கைவைப்பது எவ்வளவு வம்பான வேலை என்று எனக்குத் தெரியும். ஒரு சொல்லை மாற்றினால் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். மாற்றாவிட்டால் வாலிபர்கள் புரியவில்லை என்பார்கள். நான் கேட்க வந்தது சொல் மாற்றம் இல்லை. 1871இல் வெளிவந்து இன்றுவரை நம் ஆராதனைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பில் ஒரு எழுத்தைக்கூட நீங்கள் தொட வேண்டாம். பாட்டு வரும் இடத்தில் வரிகளை மடக்கிப் போட்டு, இது பாட்டு என்று பார்த்ததும் தெரிகிற மாதிரி அச்சிடுங்கள். அதோடு சில இடங்களில் ஒரு அடிக்குறிப்பு. கேட்பது இவ்வளவுதான்.

இதற்குப் போய் ஒரு திறந்த மடலா என்று தோன்றலாம். அற்புதங்களை எப்படி வாசிப்பது என்று நம் சபைகளில் நடக்கும் வாக்குவாதங்களில் பாதி இந்த அச்சமைப்பில்தான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

யுத்தத்தின் நடுவே யோசுவா சூரியனை நிற்கச் சொல்லும் யோசுவா 10-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பத்தியாக, வசனத்துக்கு ஒரு எண்ணாக அடித்த பழைய பதிப்பில் 13-ஆம் வசனம் எப்படி இருக்கிறது? "அப்பொழுது ஜனங்கள் தங்கள் சத்துருக்களுக்கு நீதியைச் சரிக்கட்டுமட்டும் சூரியன் தரித்தது, சந்திரனும் நின்றது, இது யாசேரின் புஸ்தகத்தில் எழுதியிருக்கவில்லையா" என்று வந்து, ஒரு அரைப்புள்ளியைத் தாண்டியதும், சூரியன் ஏறக்குறைய ஒரு பகல் முழுதும் நடுவானத்தில் நின்றது என்று தொடர்கிறது. இந்த ஒரே வசனத்துக்குள் ஒரு பழம்பாட்டின் கடைசி அடிகள் இருக்கின்றன, அந்தப் பாட்டு எந்தப் புத்தகத்தில் உள்ளது என்ற தகவல் இருக்கிறது, அதற்குப் பிறகு சரித்திரம் எழுதியவர் தம் வாயால் சொல்லும் வாக்கியமும் இருக்கிறது. மூன்றும் ஒரே எழுத்தில், ஒரே ஓட்டத்தில். பிரித்துக் காட்ட அந்த அரைப்புள்ளிதான் மிச்சம்.

இப்போது அதே சொற்களை நான் மடக்கிப் போடுகிறேன்:

சூரியனே, நீ கிபியோன்மேலும்,
சந்திரனே, நீ ஆயலோன் பள்ளத்தாக்கிலும்,
தரித்துநில்லுங்கள்.

வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். ஒரு அடி சொன்னதை அடுத்த அடி வேறு வார்த்தையில் எதிரொலிக்கிறது: சூரியனுக்குச் சந்திரன், கிபியோனுக்கு ஆயலோன். எபிரெயக் கவிதையின் எலும்பே இந்த எதிரொலிதான். இராபர்ட் லோத் என்ற ஆங்கிலேயர் 1753இல் அச்சான தம் விரிவுரைகளில் இதை விளக்கமாக எடுத்துக்காட்டியபின் மேல்நாட்டு அறிஞர்கள் இதை இன்னும் உன்னிப்பாகக் கவனிக்கத் தொடங்கினார்கள். தாளம் தெரிந்த காதுக்கு லோத் தேவையில்லை. நம் பாமாலை பாடும் பாட்டிகளிடம் கேட்டாலே சொல்வார்கள்.

யாசேரின் புஸ்தகம் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் வேதாகமத்தில் இன்னொரு இடத்தில் அதன் பெயர் வருகிறது: 2 சாமுவேல் 1:18. சவுலும் யோனத்தானும் மடிந்த செய்தி கேட்டு தாவீது பாடிய ஒப்பாரி அந்தப் புத்தகத்தில் எழுதியிருப்பதாக அங்கே சொல்லப்படுகிறது. ஆக, பெயர் வரும் இரண்டு இடத்திலும் பாட்டு. தாவீது அந்த ஒப்பாரியில் என்ன சொல்கிறான்? "கில்போவா மலைகளே, உங்கள்மேல் பனியும் மழையும் பெய்யாமலும்..." என்று மலையைக் கூப்பிட்டுச் சபிக்கிறான். யோசுவா சூரியனைக் கூப்பிட்டதும் தாவீது மலையைக் கூப்பிட்டதும் ஒரே ஏட்டில் இருந்தவை. கில்போவாவில் அதன்பிறகு மழை பெய்ததா என்று யாரும் வானிலை அறிக்கை தேடியதில்லை. மகனைப் பறிகொடுத்தவள் மண்ணை வாரித் தூற்றும்போது நாம் மண்ணின் எடையைக் கேட்பதில்லை அல்லவா? சூரியனுக்கு மட்டும் ஏன் கணக்குப் பார்த்தோம்?

கணக்குப் பார்த்ததால் வந்த வினை கொஞ்சமல்ல. சூரியன் ஓடினால்தானே அதை நிற்கச் சொல்ல முடியும் என்று இதே வசனத்தைக் காட்டித்தான் பூமி சுழல்கிறது என்றவர்களை மடக்கினார்கள். கலிலியோ 1615இல் கிறிஸ்தினா சீமாட்டிக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இந்த வசனத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 1633இல் அவர் ரோமில் சமய விசாரணை மன்றத்தின் முன்னால் மண்டியிட்டார். நம் காலத்தில் இது வேறு வேஷத்தில் வருகிறது. நாசாவின் கணினி காலத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டபோது ஒரு நாள் குறைந்ததாம், யோசுவாவைத் திறந்து பார்த்ததும் கணக்குச் சரியாகிவிட்டதாம். வாட்ஸ்அப்பில் நம் எல்லோருக்கும் ஒரு முறையாவது வந்திருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று நாசாவே சொல்லிவிட்டது. காணாமற்போன நாள் என்ற கதை கணினிக்கே முந்தியது. சார்லஸ் டாட்டன் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி 1890இலேயே இதைப் புத்தகமாகப் போட்டிருக்கிறார். யோசித்துப் பார்த்தால், யோசுவாவுக்கு முந்திய நாட்களை யாராவது தனியாக எண்ணி வைத்திருந்தால்தானே ஒரு நாள் குறைந்தது தெரியும்? மேடையில் இதைச் சொல்லும் நம் பிரசங்கிமார் பொய் சொல்ல நினைப்பதில்லை. விசுவாசத்துக்கு முட்டுக்கொடுக்க நினைக்கிறார்கள். ஆனால் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை வீட்டுக்குப் போய்க் கூகுளில் தேடுகிறது. அப்புறம் அந்தப் பிள்ளைக்கு யோசுவா மேல் மட்டுமா சந்தேகம் வரும்?

ஞாயிறு பள்ளியில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "டீச்சர், சூரியன் நிக்கணும்னா பூமிதானே பிரேக் போடணும்? கடல் எல்லாம் கொட்டியிருக்குமே?" நான் வேதாகமத்தை மூடிவிட்டு அந்த மூன்று அடிகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். சற்று நேரம் பார்த்தான். "இது செய்யுளா டீச்சர்? முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றான். பிள்ளைகளுக்குச் செய்யுள் புதிதில்லை. மதுரைக் கோட்டைக் கொடிகள் கோவலனைப் பார்த்து "வராதே" என்று கைகாட்டின என்று சிலப்பதிகாரம் சொன்னால், அது தற்குறிப்பேற்ற அணி என்று அடுத்த நிமிடமே எழுதி மதிப்பெண் வாங்குகிறவர்கள் அவர்கள். கொடிக்கு ஏது கை என்று ஒருவரும் சண்டைக்கு வருவதில்லை. கோவலன் மதுரைக்குப் போனதை அதற்காக மறுப்பதுமில்லை. அந்தப் பழகிய புத்தியை வேதாகமத்தைத் திறந்ததும் கழற்றி வைக்கும்படி நம் அச்சு செய்துவிடுகிறது.

உள்ளதை உள்ளபடி சொல்லவும் வேண்டும். யோசுவா 10-இல் பாட்டு எங்கே முடிகிறது என்பதில் மொழிபெயர்ப்பாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஒரு பகல் முழுதும் சூரியன் நின்றது என்ற வாக்கியம் பாட்டின் பகுதியா, பாட்டைக் கேட்ட சரித்திரக்காரர் அதை நடந்த நிகழ்ச்சியாக எடுத்துக்கொண்டு எழுதியதா என்று இரண்டு விதமாகவும் வாசிக்கலாம். "தரித்துநில்" என்று நாம் வாசிக்கும் எபிரெயச் சொல்லுக்கு மௌனமாயிரு, அசையாதிரு என்ற பொருளும் உண்டு. அதை வைத்து, ஓட்டம் நின்றதா, ஒளி மங்கியதா என்றும் கேட்கிறார்கள். சூரிய கிரகணம் என்று நாள் குறித்தவர்களும் உண்டு. இதில் எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தீர்ப்பு எங்களுடையதாக இருக்கட்டும். சாட்சியத்தை மறைக்காமல் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

யாத்திராகமம் 14-உம் 15-உம் அடுத்தடுத்து இருப்பது நமக்குக் கிடைத்த பெரிய பாக்கியம். இஸ்ரவேலர் கடலைக் கடந்த ஒரே நிகழ்ச்சியை 14 உரைநடையில் சொல்கிறது, 15 பாட்டாகப் பாடுகிறது. உரைநடை சொல்வது: "கர்த்தர் இராமுழுவதும் பலத்த கீழ்க்காற்றினால் சமுத்திரம் ஒதுங்கும்படி செய்து". கிழக்கிலிருந்து காற்று, இரவு முழுவதும். அதே காற்று பாட்டில் என்னவாகிறது? "உமது நாசியின் சுவாசத்தினால் ஜலம் குவிந்து நின்றது... ஆழமான ஜலம் நடுக்கடலிலே உறைந்துபோயிற்று." காற்று கடவுளின் மூக்கிலிருந்து வரும் மூச்சாகிவிட்டது, தண்ணீர் உறைந்தே போய்விட்டது. கடவுளுக்கு மூக்கு உண்டென்று நம் சபையில் யாரும் உபதேசிப்பதில்லை. ஆக நாம் எல்லோருமே பாட்டைப் பாட்டாக வாசிக்கத் தெரிந்தவர்கள்தான், வசதிப்படும்போது மட்டும். இதனால் அற்புதம் சிறுத்துவிட்டதா? இல்லை. உரைநடையிலேயே ஜலம் இரண்டு புறமும் மதிலாக நின்றது என்று இருக்கிறது. அதை நம்புவதும் நம்பாததும் வேறு விஷயம். ஆனால் உரைநடை எப்படிப் பேசுகிறது, பாட்டு எப்படிப் பேசுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க எழுதியவர்களே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கும்போது, நாம் இரண்டையும் ஒரே மாதிரி அடித்து வைத்திருக்கிறோம்.

நியாயாதிபதிகள் 4-உம் 5-உம் இதே கதைதான். 4-இல் பாராக்கின் படையும் சிசெராவின் ரதங்களும் மோதுகின்றன, கர்த்தர் சிசெராவின் சேனையைக் கலங்கடிக்கிறார். 5-இல் தெபொராள் பாடும்போது "நட்சத்திரங்கள் தங்கள் அயனங்களிலிருந்து சிசெராவோடே யுத்தம்பண்ணின". கீசோன் ஆறு எதிரிகளை அடித்துக்கொண்டு போகிறது. பெருமழையில் ஆறு பெருகி, ரதச் சக்கரங்கள் சேற்றில் மாட்டின என்று பலர் இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். எனக்கும் அது சரியாகப் படுகிறது. நட்சத்திரம் வாள் எடுத்தது என்று யாரும் சொல்வதில்லை.

இனி என் பக்கத்தின் பலமான சாட்சி. எபிரெய எழுத்தர்கள் இந்தப் பாட்டுகளில் சிலவற்றை உரைநடை போல எழுதவில்லை. மோசேயும் இஸ்ரவேலரும் கடற்கரையில் பாடிய யாத்திராகமம் 15-ஐ இன்றும் யூத ஆலயங்களில் உள்ள தோல் சுருள்களில் பாருங்கள்: கொத்தனார் செங்கல் அடுக்கியது போல, எழுத்தும் வெற்றிடமும் மாறி மாறி வரும்படி எழுதியிருப்பார்கள். தெபொராளின் பாட்டுக்கும் பழைய கைப்பிரதிகளில் இதே மரியாதை உண்டு. தோல் விலை உயர்ந்த பொருள். அதில் வெற்றிடம் விட்டு எழுதினார்கள் என்றால், வாசிக்கிறவன் இது பாட்டு என்று தெரிந்து வாசிக்க வேண்டும் என்ற கவலை அவர்களுக்கு எவ்வளவு இருந்திருக்கும்! மூலத்தில் இருப்பதை ஒரு எழுத்தும் விடாமல் கொண்டுவந்தோம் என்று நாம் பெருமைப்படுகிறோம். அந்த வெற்றிடமும் மூலத்தில் இருப்பதுதானே?

நம் ஓலைச்சுவடிகளில் செய்யுளை அடி பிரிக்காமல்தானே எழுதினார்கள் என்று குழுவில் ஒருவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. ஆனால் சுவடியில் எதுகையும் மோனையும் சீரும் இருந்தன. ஏடு பிரிக்காவிட்டாலும் காது பிரித்துக்கொண்டது. மொழிபெயர்த்த வேதாகமத்தில் யாப்பு இல்லை. காதுக்குத் துணை போய்விட்டது. கண்ணுக்காவது துணை வேண்டும்.

உங்களுக்குள் இருக்கக்கூடிய பயம் எனக்குப் புரிகிறது. ஒரு இடத்தில் கவிதை என்று சொல்லிவிட்டால், நாளைக்கு ஒருவன் எழுந்து உயிர்த்தெழுதலும் கவிதைதான் என்பானே? ஊரில் பெரியவர்கள் என்னிடமும் இதைக் கேட்டிருக்கிறார்கள். பவுல் 1 கொரிந்தியர் 15-இல் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். கேபாவுக்குத் தரிசனமானார், பன்னிருவருக்கு, ஐந்நூறு பேருக்கு அதிகமானவர்களுக்கு, "அவர்களில் அநேகர் இந்நாள்வரைக்கும் இருக்கிறார்கள்" என்று சாட்சிகளின் பட்டியல் போடுகிறார். வேண்டுமானால் போய்க் கேட்டுக்கொள் என்கிற தொனி. இதைக் கவிதை என்று யாரும் மயங்க முடியாது. பாட்டு எது என்று தெளிவாகக் காட்டினால்தான் சாட்சி எது என்பதும் தெளிவாகும். எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்த்தால், ஒன்றைச் சந்தேகிக்கிறவன் அனைத்தையும் சேர்த்துத்தான் சந்தேகிப்பான். வேடிக்கை என்னவென்றால், அதே வசனத்தில் பவுல் "சிலர்மாத்திரம் நித்திரையடைந்தார்கள்" என்கிறார். செத்துப்போனதைத்தான் அப்படிச் சொல்கிறார். சாட்சிக் கூண்டில் நிற்கும்போதுகூட மனிதர்கள் உருவகமாகப் பேசுவார்கள்.

நித்திரை என்றதும் யோவான் 11 நினைவுக்கு வருகிறது. "நம்முடைய சிநேகிதனாகிய லாசரு நித்திரையடைந்திருக்கிறான்" என்று இயேசு சொல்ல, சீஷர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, தூங்கினால் நல்லதுதானே, சுகமாகிவிடுவான் என்கிறார்கள். கடைசியில் அவர் "லாசரு மரித்துப்போனான்" என்று உடைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுத்துப்படி எடுப்பதா, உருவகமாக எடுப்பதா என்ற குழப்பம் கூடவே நடந்தவர்களுக்கே இருந்திருக்கிறது. அதை மறைக்காமல் சுவிசேஷமும் எழுதி வைத்திருக்கிறது. நாம் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்று பிள்ளைகளை அதட்டுவது என்ன நியாயம்?

மீன் விழுங்கிய யோனாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் முடியாது. நம் பழைய மொழிபெயர்ப்பில் இரண்டு ஏற்பாட்டிலும் "பெரிய மீன்" என்றே இருக்கிறது. திமிங்கிலம் என்ற சொல் அந்தக் கதையில் எங்கும் இல்லை. ஆனால் ஞாயிறு பள்ளிப் படங்களில் எல்லாம் திமிங்கிலம் தண்ணீர் பீய்ச்சுகிறது. திமிங்கிலத்தின் தொண்டை எவ்வளவு அகலம் என்று விவாதிப்பதில் ஒரு தலைமுறையே போய்விட்டது. அதற்குள் 2-ஆம் அதிகாரம் ஏறக்குறைய முழுக்க ஒரு சங்கீதம், "கடற்பாசி என் தலையைச் சுற்றிக்கொண்டது" என்று மூழ்குகிறவன் மூச்சுத் திணறிப் பாடும் பாட்டு, என்பதைக் கவனிக்க ஆள் இல்லை. 3-ஆம் அதிகாரத்தில் நினிவேயின் மாடு ஆடுகள்கூட, மனிதர்கள் துக்கத்துக்கு உடுத்தும் இரட்டை உடுத்திக்கொள்கின்றன. அதை வாசித்துச் சிரிக்காதவனுக்கு, எழுதியவரின் குறும்பு எட்டவில்லை என்றே நினைக்கிறேன். இயேசு யோனாவைச் சுட்டிப் பேசியிருக்கிறாரே என்று சிலர் நிறுத்துவார்கள். சரி, அவரே நல்ல சமாரியனையும் சுட்டிப் பேசினார். அவன் ஊரில் எந்தத் தெரு என்று நாம் கேட்கவில்லை. இந்த ஒப்பீடு முழுவதும் பொருந்தாது என்பது எனக்கும் தெரியும், ஆனாலும் யோசிக்க இடம் இருக்கிறது.

யோனாவின் செடியில் உங்கள் வேலையைப் பற்றிய ஒரு பழைய பாடமும் இருக்கிறது. ஜெரோம் எபிரெயத்திலிருந்து நேரே லத்தீனுக்குக் கொண்டுவந்தபோது, யோனாவுக்கு நிழல் தந்த செடியைச் சுரைக்கொடி என்ற வழக்கமான சொல்லிலிருந்து வேறு கொடியின் பெயருக்கு மாற்றினார். வட ஆப்பிரிக்காவில் ஓயா என்ற ஊரில் அதை ஆராதனையில் வாசித்ததும் சபையில் பெரிய கலவரமாகிவிட்டதென்று 403 வாக்கில் அகுஸ்தீன் அவருக்கு எழுதினார். லத்தீனில் அந்தச் செடிக்குச் சரியான பெயரே இல்லை என்று ஜெரோம் பதில் போட்டார். ஜெரோமுக்குச் சொல் கிடைக்காத அந்தச் செடி நம் கொல்லையில் நின்றது: தமிழில் "ஆமணக்கு" என்று போட்டுவிட்டார்கள். அறிஞர்களில் பலரும் இன்று சொல்வது ஆமணக்கைத்தான். நம் முன்னோர் சொல் தேர்ந்ததில் கெட்டிக்காரர்கள். ஒரு சொல்லுக்காகச் சபை கொதிக்கும் என்பதையும் ஓயாவிலிருந்து தெரிந்துகொள்கிறோம். அதனால்தான் சொல்லைத் தொட வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன்.

அடிக்குறிப்புகளில் இரண்டு மட்டும் உடனே வேண்டும். முதலாவது, "சிவந்த சமுத்திரம்". எபிரெயத்தில் அது நாணற்கடல் என்று பொருள்படும் பெயர். குழந்தை மோசேயின் பெட்டி வைக்கப்பட்ட "நாணல்" என்பதும் அதே சொல். கிரேக்க மொழிபெயர்ப்பில்தான் சிவப்பு வந்தது. அதே எபிரெயப் பெயர் 1 இராஜாக்கள் 9:26-இல் ஏலோத்துக்கு அருகே கப்பல் கட்டிய கடலையும் குறிக்கிறது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் போட்டால், இஸ்ரவேலர் முழங்கால் தண்ணீரில் நடந்தார்கள் என்று கேலி பேச ஆள் கிளம்பிவிடும்.

இரண்டாவது, மாற்கு 16:9 முதல் 20 வரை. மிகப் பழைய முழுப் பிரதிகளான சினாய் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் இந்தப் பகுதி இல்லை. "சர்ப்பங்களை எடுப்பார்கள், சாவுக்கேதுவான யாதொன்றைக் குடித்தாலும் அது அவர்களைச் சேதப்படுத்தாது" என்பது இங்கேதான் வருகிறது. இதை எழுத்துப்படி எடுத்து, அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைப்பகுதியில் பாம்பைக் கையில் பிடித்து ஆராதிக்கும் வழக்கத்தைப் பரப்பிய ஜார்ஜ் ஹென்ஸ்லி 1955இல் பாம்பு கடித்தே இறந்தார். அவருக்குப் பின்னும் சிலர் இறந்திருக்கிறார்கள். வசனத்தை நீக்கச் சொல்லவில்லை. இரண்டு வரி குறிப்பு, அதே பக்கத்தில், படிக்கிற அளவு எழுத்தில்.

கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த திருவிவிலியம் பாட்டுகளை வரி மடக்கித்தான் போட்டிருக்கிறது. ஆகவே தமிழில் முடியாத காரியம் இல்லை. ஆனால் நம் வீட்டு மேஜையில் இருப்பதும், சாவு வீட்டில் வாசிப்பதும், பாட்டி மனப்பாடமாகச் சொல்வதும் பழைய மொழிபெயர்ப்புதான். வெளிச்சம் அங்கே வர வேண்டும்.

பக்கம் கூடும், விலை ஏறும் என்று கணக்குப் பார்ப்பீர்கள். நியாயந்தான். சங்கீதமும் யோபுவும் முழுவதும் மடக்கினால் புத்தகம் தடிக்கும். அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சங்கீதம் பாட்டு என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கதைக்கு நடுவே ஒளிந்திருக்கும் பாட்டுகளுக்கு மட்டும் முதலில் செய்யுங்கள்: யாத்திராகமம் 15, யோசுவா 10, நியாயாதிபதிகள் 5, 1 சாமுவேலில் அன்னாளின் பாட்டு, 2 சாமுவேல் 1, யோனா 2. கூடுவது சில பக்கங்கள்தான்.

சோதனைக்கு யோசுவா 10-உம் நியாயாதிபதிகள் 5-உம் மட்டும் இப்படி அடித்து, ஒரு தாளாக நான்கைந்து சபைகளுக்கு அனுப்பிப் பாருங்கள். எங்கள் சபையில் வாசிக்க நான் ஏற்பாடு செய்கிறேன். புரூஃப் பார்க்க ஆள் குறைவென்றால் அதற்கும் வருகிறேன். சனிக்கிழமை மாலைகளில் எனக்கு ஒழிவு உண்டு.

இப்படிக்கு,
திருநெல்வேலிச் சீமையிலிருந்து
ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை